சந்துக்குள் போன பெட்டி சைக்கிள்

சைக்கிளில் பார்சல் கொண்டுபோகிற அவரை பார்சல் கம்பெனி டிப்போவில் எல்லோரும் இன்றும் ‘வேன்காரர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பதினெட்டு வருடம் வேன் ஓட்டியவர். ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர் என்று பெயர் வேறு.

அந்த நல்ல பெயர் ஒரு காலை நேரத்தில் போயிற்று. கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் குறுகலான சந்தில், பார்சலை இறக்கிவிட்டு வேனை ரிவர்ஸ் எடுத்தார். இரண்டு கண்ணாடியிலும் பார்த்தார். ஹாரன் அடித்தார். ஆனாலும் வண்டிக்குப் பின்னால் வாசல் பெருக்கிக்கொண்டிருந்த தையல்காரரின் மனைவி அவர் கண்ணில் படவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே அந்த அம்மாள் இறந்துவிட்டார்.

ஓட்டுநர் மீது தவறில்லை என்று வழக்கு முடிந்தது. அன்றே சாவியை மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், எட்டு மாதம் வெளியே தலைகாட்டவில்லை. பிறகு, சந்துகளுக்குள் புகையில்லாமல் போய்வர, முன்னால் பெரிய பெட்டி வைத்த பேட்டரி சைக்கிள்களைக் கம்பெனி வாங்கியது. யாருக்கு வேண்டும் என்று கேட்டபோது முதலில் கை தூக்கியவர் இவர்தான்.

“ஐம்பத்திரண்டு வயசுல மிதிக்கப் போறீங்களா? முழங்கால் என்னத்துக்கு ஆகும்?” என்றாள் மனைவி.

“முழங்கால்தானே. போனாப் போகட்டும்.”



நூறு கிலோ ஏற்றி மேட்டில் மிதித்தால் பேட்டரி இருந்தும் மூச்சு வாங்கும். மழை நாளில் பார்சலுக்குத்தான் தார்ப்பாய், அவர் நனைவார். சுற்றுச்சூழலுக்காக வேனை விட்டவர் என்று போஸ்டரில் போட மேனேஜர் படம் எடுக்க வந்தபோது மட்டும், “எனக்குப் படத்துல வர்ற ஆசையெல்லாம் இல்ல சார், விட்டுடுங்க” என்று நகர்ந்துவிட்டார்.

விபத்து நடந்த சந்தின் பார்சல்களை மட்டும், தன்னோடு சைக்கிள் ஓட்டும் ஒரு பெண்ணிடம் மாற்றிவிடுவார். காரணம் அவளுக்கும் தெரியும். ஒரு வாரம் அவள் காய்ச்சலில் விழுந்தாள். வேறு ஆள் இல்லை. தையல்காரருக்குத் தையல் மிஷின் மோட்டார் ஒன்று வந்திருந்தது.

மணியை ஒருமுறைதான் அடித்தார். கதவைத் திறந்த தையல்காரர் பெட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்தார்.

“நீங்கதானே?”

“ஆமாங்க.”

தையல்காரர் வாசலில் நின்ற சைக்கிளை ரொம்ப நேரம் பார்த்தார். “இதுலயா வர்றீங்க இப்ப?”

“ஆறு வருஷமா இதுதாங்க.”

“அன்னிக்கும் இதுலயே வந்திருந்தா...” என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

“மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரலைங்க,” என்றார் வேன்காரர்.

“உங்கமேல கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. ஆனா உங்களைப் பாத்தா அந்தக் காலைநேரம் அப்படியே வந்து நிக்குது. இனிமே நீங்க வராதீங்க. வேற யாரையாவது அனுப்பிடுங்க.”

“சரிங்க.”

சொன்னபடியே வேன்காரர் அதன்பின் அந்தப் பக்கம் போகவில்லை. அடுத்த வருடம் கடைவீதிச் சந்துகளுக்குள் வேன் நுழையக் கூடாது என்று நகராட்சி உத்தரவு போட்டது. அந்த உத்தரவைக் கோரி எழுதிய மனுவில் முதல் கையெழுத்து தையல்காரருடையது என்று டிப்போவில் பேசிக்கொண்டார்கள். உத்தரவு வருவதற்குள் தையல்காரர் வீட்டைக் காலி செய்துகொண்டு மகளிடம் போய்விட்டிருந்தார். இப்போது அங்கே ஒரு செல்போன் கடை.

வேன்காரர் இப்போது அந்தச் சந்துக்குத் தினமும் போகிறார். முனையிலேயே இறங்கி, கனத்த வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டுதான் உள்ளே நடப்பார்.

“என்னண்ணே, பேட்டரி மண்டையப் போட்டுடுச்சா?” என்று கேட்பார் மளிகைக்கடைக்காரர்.

“ஆமாப்பா,” என்பார் வேன்காரர். நிற்காமல் தள்ளுவார்.