வெளுத்த எலும்பும் அமினியேலின் வீம்பும்

மேரு மலைச் சரிவில் இறைச்சிக்கடை வைத்திருக்கிற அமினியேலுக்குத் தடவிப் பார்த்தே மாட்டின் வயதைச் சொல்லத் தெரியும். வாயைத் திறந்து சிரிக்க மட்டும் தெரியாது. எங்கள் ஊற்றுத் தண்ணீரில் ஓர் உப்பு இருக்கிறது. பல் முளைப்பதற்கு முன்பே ஈறுக்குள் போய் அதைப் பழுப்பாக்கிவிடும். ஊரில் பாதிப் பேர் பழுப்புப் பல்லோடு கூசாமல் சிரிக்கிறார்கள். இவன்தான் வாயைப் பொத்திக்கொண்டு, இருமுகிறவனைப் போலச் சிரிப்பான்.

கடைக்குட்டி நூருவுக்கு மூன்று வயது. பால்பல் விழுந்தபின் முளைக்கிற அவள் பல்லாவது வெள்ளையாக இருக்கவேண்டும் என்று அமினியேலுக்கு ஆசை. அதில் தப்பில்லை. வழியும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அவன் அண்ணன் மனைவி சலோமே மாட்டெலும்பைச் சூளையில் மூடிச் சுட்டுக் கரியாக்கி, வாளிகளில் நிரப்பி ஊருக்கே தண்ணீர் வடித்துக் கொடுப்பவள். ஆனால் ஒரு கல்யாணப் பந்தியில் அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

"கொழுந்தனாரே, கையை எடுங்க. குழம்பு வாய்க்குப் போகணுமா, விரலுக்குப் போகணுமா?"

பந்தியே சிரித்தது. அன்றோடு அவள் சூளைக்கு எலும்பு கிடையாது என்றுவிட்டான். ஊரில் வேறு இறைச்சிக்கடையும் இல்லை. சூளை ஆறிப்போனது, வாளிகளில் பழைய கரி வலுவிழந்து கிடந்தது.

"கரிதானே? நானே பண்ணிக்கிறேன்" என்று அமினியேல் அடுப்புக்கரி மூட்டையை அவிழ்த்து வாளியில் கொட்டினான். அவன் மனைவி எஸ்தேரி சொல்லாமல் கொள்ளாமல் சலோமேயை அழைத்துவந்தாள். சலோமேயிடம் ஒரு சிவப்பு மருந்து உண்டு. நல்ல தண்ணீரில் சொட்டினால் சிவப்பு நிற்கும், கெட்ட தண்ணீரில் வெளுத்துப்போகும். சொட்டினாள். வெளுத்தது.

"மரக்கரி சேறு நாத்தத்தைப் பிடிக்கும், இந்த உப்பைப் பிடிக்காது. அதுக்கு எலும்புதான் வேணும். உங்க கடையில எலும்புக்குப் பஞ்சமா?"

அவ்வளவுதான், வீம்பு தலைக்கேறியது. செங்கல் சூளைக்காரனைப் பிடித்து, செங்கல்லோடு செங்கல்லாக எலும்பையும் அடுக்கிச் சுட்டான். சுண்ணாம்பு மாதிரி வெள்ளை வெளேரென்று வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் ஓர் எலும்புத் துண்டை எல்லோருக்கும் காட்டினான்.

"அண்ணி சுடுறது கறுப்பு, நான் சுட்டது வெள்ளை. வெள்ளைப் பல்லு எதுல வரும்? நீங்களே சொல்லுங்க!"

நாலு பேர் தலையாட்டினார்கள். ஓசிக்கறி கிடைக்கும் என்ற நினைப்பில் ஆட்டிய தலைகள் அவை. அந்த எலும்பில் வடித்த தண்ணீரிலும் மருந்து வெளுத்தது.

"சூடு மிஞ்சினா எலும்பு தன் துளையெல்லாம் மூடிக்கிட்டு இறுகிப்போகும், கொழுந்தனாரே. உப்பு எங்க போய் ஒட்டும்? சாணத்துல தீ மூட்டி, காத்துப் புகாம மூடி, பதமா சுடணும்."

அவளிடம் கேட்டுச் செய்வானா? சூடு கூடினால் கெடுகிறதென்றால் குறைத்துவிட்டால் போயிற்று என்று, கொல்லையில் தானே அரைகுறையாகச் சுட்டான். எலும்பு தவிட்டு நிறத்தில் வந்தது. வடித்த தண்ணீர் ஆறிப்போன சூப்பு போல நாறியது. அண்டைவீட்டு நாய்களெல்லாம் வாளியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. நூரு ஒரு வாய் குடித்துவிட்டு அப்பன் சட்டையிலேயே துப்பினாள்.

எஸ்தேரி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நூரு அப்பா, நாய்க்குப் பல்லு ஏற்கெனவே வெள்ளைதான். உங்க மகளுக்கு ஈறுக்குள்ள பல்லு பாட்டுக்கு வளருது. உங்க கோவம் தீர்ற வரைக்கும் அது நிக்குமா?"

அமினியேல் விடிந்ததும் கடையிலிருந்த எலும்பையெல்லாம் கழுதைவண்டியில் ஏற்றிக்கொண்டு சலோமே வாசலில் போய் நின்றான். அவள் ஏற இறங்கப் பார்த்தாள். "கையைக் கீழே விட்டுட்டுக் கேளுங்க, தர்றேன்."

வாயிலிருந்து கையை எடுத்தான். "அண்ணி, எம்பொண்ணுக்குச் சுட்டுக் குடுங்க."

அவள் சிரிக்கவில்லை. சூளை மூடியைச் சுற்றி மண் பூசும் வேலையை அவன் தலையில் கட்டினாள். நடுவில் திறந்து பார்க்கப்போனவன் முதுகில் ஒன்று வைத்தாள். ஆறியபின் எலும்பு கருஞ்சாம்பல் நிறத்தில் வந்தது. நொறுக்கி, கழுவி, வாளியில் நிரப்பி, வடித்த தண்ணீரில் மருந்தைச் சொட்டினாள். சிவப்பு சிவப்பாகவே நின்றது. நூரு முழுக் குவளையும் குடித்துவிட்டு இன்னும் கேட்டாள்.

இப்போது ஊரில் எல்லா வாளியிலும் புதுக்கரி. அமினியேல் கடைக்குப் போனால் கறியோடு பேச்சு இலவசம். "சூளையில என்ன இருக்கு? எல்லாம் என் மாட்டு எலும்போட தரம்!"