இடது இருக்கையில் பூசணிக்காய்

பஞ்சுக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் இன்று ஓடியது. பழைய ஜீப் சாமான்களைக் கொண்டு, வீட்டு முற்றத்திலேயே நான் ஒருவனாகச் சரிசெய்தது.

முதல் ஓட்டம் கோவில்பட்டி சந்தைக்கு. திருஷ்டி கழிக்கப் பூசணிக்காய் கேட்டேன்.

கடைக்கார அக்கா காரைப் பார்த்தார். "நல்லா இருக்கு அண்ணாச்சி. வீட்டுல யாரு சுத்திப்போடுவாவ?"

"நானேதான்."

"நமக்கு நாமளே சுத்தக் கூடாதுல்லா! நீங்க வண்டியில உக்காரணும். வீட்டு வாசல்ல வச்சு வேற ஆளு சுத்தணும்."

காயை இடது இருக்கையில் வைத்தேன். கரிசல் பாதைக் குழிகளில் அது உருண்டுவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தேன். வழியெல்லாம் அதனிடம் கியர் சத்தத்தைப் பற்றிக் குறைசொல்லிக்கொண்டும் வந்தேன்.

யாராவது சுற்றிப்போட வாருங்கள். கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள். பழகிவிட்டால் உடைக்க மனசு வராது.