காரணம் எழுதும் கட்டம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் கீபோர்டில் டேப் கீ மட்டும் எழுத்து அழிந்து வழுவழுவென்று இருந்தது. அழித்தது நான் இல்லை, என் மனைவி. நான் வேர்டில் படிவம் செய்வேன், அவள் அதை நிரப்பிப் பார்ப்பாள். மவுஸைத் தொடவே கூடாது, டேப் கீயை அழுத்தியே முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை போய்ச் சேர வேண்டும். அதுதான் அவள் வைத்த பரீட்சை. பெயரை எழுதி அழுத்தியதும் வயதுக்குப் போகாமல் கர்சர் கீழே கையொப்பத்தில் போய் நின்றால், "என்னங்க, பேரு சொன்ன உடனே கையெழுத்து கேக்குது. அவ்ளோ அவசரமா?" என்பாள்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குப் பின்பக்கம் எங்கள் வீடு. முன்னறையில்தான் என் தொழில். லாட்ஜ், கிளினிக், பள்ளிக்கூடம் என்று பல பேர் வருவார்கள். புள்ளிக்கோடு போட்டு அச்சடித்த படிவத்தை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரிலேயே நிரப்பி மெயிலில் அனுப்பும் படிவம் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். எழுத வேண்டிய கட்டங்கள் மட்டும் திறந்திருக்கும், மற்றதெல்லாம் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கும். பூட்டுவதில் எனக்குத் தனி ஆனந்தம். நிரப்புகிறவர்கள் எல்லோரும் எதையாவது கலைப்பதற்கென்றே பிறந்தவர்கள் என்று நான் நம்பினேன். அவளோ, பூட்டுவதற்கு முன்னால் நாமே ஒரு தடவை நிரப்பிவிட வேண்டும் என்று சட்டம் போட்டு வைத்திருந்தாள்.

அவள் சொந்தப் பெயரில் நிரப்பியதே கிடையாது. ஒவ்வொரு படிவத்துக்கும் ஓர் ஆளை உண்டாக்குவாள். கிளினிக் படிவத்துக்குப் போளூரில் ரிட்டயரான ஒரு கண்டக்டர், வயது எண்பது, முழங்கால் வலி. பிறந்த தேதிக்கு நான் காலண்டர் வைத்திருந்தேன். அதைத் தொட்டால் இந்த மாதம் விரியும். "மாசம் மாசமா பின்னாடி தள்ளிக்கிட்டே போனா, அவரு பொறந்த நாளுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள செத்தே போயிடுவாருங்க" என்றாள். காலண்டரை எடுத்துவிட்டு, தேதியைத் தட்டச்சு செய்யும்படி மாற்றினேன். செங்கம் ரோட்டு லாட்ஜ் ஒன்றின் படிவத்துக்கு அறுபது வயது பிரெஞ்சுக்கார அம்மாள். நம் ஊர் வழக்கப்படி தந்தை பெயர் கட்டத்தைக் கட்டாயமாக்கியிருந்தேன். அதில் ஒரு பெயரை எழுதிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ரூமுக்கு வந்தவங்கள அப்பா பேரு கேக்கறீங்களே, கல்யாணம் பேச வந்தாங்களா?" அதையும் எடுத்தேன். கிரிவலத்துக்கு வரும் பௌர்ணமிக் கூட்டத்தில் அந்தப் படிவம் சடசடவென்று நகர்கிறது என்று லாட்ஜ்காரர் என்னைப் பாராட்டினார். நானும் கூச்சமில்லாமல் தலையாட்டிக்கொண்டேன்.

மகள் கல்லூரி விடுதியில் சேர்ந்த வருடம், ஊரில் ஒரு தனியார் பள்ளிக்காக ஆசிரியர் வேலை விண்ணப்பம் செய்தேன். கடைசியில் 'இப்பணியில் சேர விரும்புவதற்கான காரணம்' என்று ஒரு கட்டம். சிலர் பக்கம் பக்கமாக எழுதுவார்கள் என்று அதற்கு நூறு எழுத்து அளவு வைத்தேன். சாப்பாடு முடிந்த மத்தியானம், வழக்கம்போல் அவள் உட்கார்ந்து நிரப்பினாள். வழக்கத்தைவிட நேரமானது.

"காரணம் கட்டம் பாதியில நின்னுடுச்சுங்க. மேல எழுத விட மாட்டேங்குது."

"அவ்ளோ ஜாஸ்தியாவா எழுதின?"

"கம்மிதான். மூணு வரிகூட இல்ல."

எனக்கு ஆர்வம் பற்றிக்கொண்டது. எழுத்து எழுத்தாக எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். 'கி' என்பது நமக்கு ஓரெழுத்து, கம்ப்யூட்டருக்கு இரண்டு. 'க்' என்றாலும் இரண்டு. இங்கிலீஷ் கணக்கில் நூறு வைத்தால் தமிழில் அறுபதுக்குமேல் தேறாது. பெரிய உண்மையைக் கண்டுவிட்ட மிதப்பில் அவளுக்கே அதை விளக்கிவிட்டு, அளவை ஐந்நூறாக்கிப் பூட்டி, பள்ளிக்கு அனுப்பினேன். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தாள்.

"படிச்சீங்களா?" என்றாள்.

"சரி பண்ணிட்டேம்மா. இனிமே நிக்காது."

மாடியில் காயும் துணியை எடுக்கப் போய்விட்டாள்.

அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தாள், பத்தே நாள். இப்போதும் படிவம் செய்கிறேன். நானே நிரப்பிப் பார்க்கிறேன். அவள் போல ஆட்களை உண்டாக்க எனக்கு வராது, 'அஅஅ' என்று தட்டிவிட்டுப் பூட்டுகிறேன். பேச ஆளில்லாத முன்னறையில் அவள் குரல் கேட்க வேண்டும் போல அப்படி ஓர் ஏக்கம். போன மாதம் புதுக் கம்ப்யூட்டருக்குக் கோப்புகளை மாற்றும்போது, அவள் நிரப்பிச் சேமித்த சோதனைப் பிரதிகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். கண்டக்டர் வந்தார், பிரெஞ்சுக்கார அம்மாள் வந்தாள். வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு பள்ளி விண்ணப்பத்தைத் திறந்தேன்.

பெயர்க் கட்டத்தில் அவள் பெயர். கல்யாணத்துக்குப் பிறகு போட்டுக்கொண்ட என் இனிஷியல் இல்லை, டிகிரி சான்றிதழில் இருக்கும் அவள் அப்பாவின் இனிஷியல். படிப்பு, கணிதம், பி.எட். எல்லாம் நிஜம். காரணம் கட்டத்தில் இப்படி இருந்தது:

'திருமணத்துக்கு முன் இரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். திரும்ப வகுப்பில் நிற்க ஆசை. அவரிடம் கேட'

கல்யாணமான புதிதில், என் அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள், வேலையை விட்டுவிடு என்று நான்தான் சொன்னேன். அம்மா காலமான பிறகு, மறுபடி போகிறாயா என்று கேட்கத் தோன்றவில்லை. அவளும் வாய்திறந்து கேட்டதில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கேட்டிருக்கிறாள். என் மேசையிலேயே உட்கார்ந்து, என் படிவத்திலேயே கேட்டிருக்கிறாள். நான் எழுத்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பழைய பிரதியில் நூறு எழுத்து அளவை எடுத்துவிட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம் என்று மாற்றினேன். கர்சர் அந்தப் பாதிச் சொல்லுக்குப் பக்கத்தில் நின்று துடித்தது. படிச்சுட்டேம்மா, நாளைக்கே போய்ச் சேர்ந்துடு என்று திரையைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னேன்.