எதிர்எடை

"மேல போடா கண்ணா" என்று லிஃப்ட்காரர் லிஃப்டைத் தட்டிக்கொடுக்கிறார். லிஃப்ட் போகிறது. பொத்தானை அழுத்தியது முதுகுக்குப் பின்னால் இருந்த அவருடைய இடது கட்டைவிரல். மூன்றாம் மாடி அம்மாள் அதைப் பார்க்கவில்லை.

"நீங்க சொன்னா கேக்குதே!"

"இப்படித்தாம்மா மந்திரம்னு பேர் வந்துச்சு" என்கிறார் லிஃப்ட்காரர்.

இருபத்தெட்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறார். காதில் பென்சில், சட்டைப் பையில் கறுப்பு இன்சுலேஷன் டேப். கைபேசியில் ஒரு வாசகர் குழு: சிறுவயதில் படித்த மாயக்கதை வரிசை ஒன்றின் பித்தர்கள் நானூறு பேர். அங்கே அவர் பெயர் 'எதிர்எடை'. கதையில் சூனியக்காரி ஒரு சொல் சொன்னதும் கோபுரம் வானில் எழும்பும். அதே பக்கத்தின் அடியில், ஏரியில் ஒரு பாறை முழுகும். அந்தப் பாறையை அவர் விடவில்லை. குழுவில் எழுதுவார்:

"ஒன்னு ஏறணும்னா இன்னொன்னு இறங்கியாகணும். உள்ள கயிறு ஓடுது. கட்டினவன் செத்துட்டான், கத்துக்கிட்டவன் மறந்துட்டான். சொல்லு மட்டும் வாயில தங்கிப்போச்சு."

பள்ளி நூலகப் புத்தகம் ஒன்று, தலைகள் இரண்டு. அவருக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. தரையில் குப்புறப் படுத்துப் படிப்பார்கள். அக்கா சீக்கிரம் முடித்துவிட்டுப் பக்கத்தின் முனையைப் பிடித்தபடி காத்திருப்பாள். "முடிச்சியாடா? எழுத்துக்கூட்டியா படிக்கிற?" பாறை ஏன் முழுகியது என்று கேட்டதற்கு, "மந்திரம்டா, பேசாம படி" என்றாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், லிஃப்ட் மேலே போகையில் அதன் எதிர்எடையான இரும்புப் பாளங்கள் கீழே இறங்குவதைப் பார்த்தார். அன்று மாலையே அக்காவைப் போனில் அழைத்து, கோபுரத்தைத் தூக்கியது அந்தப் பாறைதான் என்றார். "எல்லாத்துலயும் மோட்டார வைக்காதடா" என்றாள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு வேறு ஊரிலிருந்து அழைப்பாள். அம்மா போய், வீட்டையும் விற்ற பிறகு, இருவருக்கும் பேச வேறு விஷயம் கிடையாது.

அந்த மாயக்கதையை எழுதியவர் இருபது ஆண்டு இழுத்தடித்த கடைசிப் பாகம் இப்போது வந்துவிட்டது. கோபுரம் எழுந்த காரணம் அதில் இருக்கிறதாம். வாங்கிய அன்றே புத்தகத்தைத் திறக்காமல் டேப் சுற்றி, மொட்டைமாடி மோட்டார் அறையில் அலமாரியின் மேல் வைத்தார். மூன்று மாதமாகிறது. குழுவையும் திறப்பதில்லை.

போன ஞாயிறு அந்த அறையில்தான் அழைப்பை எடுத்தார்.

"படிச்சியாடா?"

"வேலை ஜாஸ்திக்கா."

"புளுகாத. தோத்துடுவோம்னு பயம்."

"நான் ஜெயிச்சுட்டா?"



"நான் முடிச்சுட்டேன்டா" என்றாள். "முனையப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கேன். நீ மெதுவாவே வா."

"சரிக்கா. அடுத்த வாரம் பேசலாம்."

போனை வைத்துவிட்டு டேப்பை எடுத்தார். புத்தகத்தின் மேல் இன்னொரு சுற்று சுற்றி, பல்லால் கடித்து அறுத்து, முனையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.