செண்பகனூரில் தாமஸ் கீன்

1984 மே மாதம், பள்ளி விடுமுறையில் நான் கொடைக்கானல் மலையேறியது ஏரியைப் பார்க்க அல்ல. மெல்பர்னில் நர்ஸாக இருந்த என் தங்கையின் பக்கத்து வீட்டு அம்மாள் ஜோன், தன் கொள்ளுத்தாத்தாவைத் தேடி மதுரை வந்திருந்தார். வயது அறுபத்திரண்டு. மொழிபெயர்க்க, இங்கிலீஷ் டீச்சரான நான் கூடப் போனேன்.

கொள்ளுத்தாத்தா தாமஸ் கீன், ஒரு கன்றுக்குட்டியைத் திருடியதற்காக அயர்லாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட கைதி. ஜோன் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். ஆவணக் காப்பகங்களில் தேடி, தண்டனை முடிந்தபோது கொடுத்த விடுதலைச் சீட்டின் நகலையும் எடுத்து வந்திருந்தார். அதன்பின் மெட்ராஸுக்குக் குதிரை ஏற்றி வந்த கப்பலில் அவர் பெயர் இருக்கிறது. திரும்பிய கப்பல் எதிலும் இல்லை. மனைவி மார்கரெட்டும் நான்கு பிள்ளைகளும் சிட்னியில் காத்திருந்தார்கள். வெள்ளையர் கல்லறைகளின் பழைய பட்டியல் ஒன்றில் அவர் பெயருக்கு எதிரே செண்பகனூர் என்று மட்டும் பார்த்ததும், வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு, மலைக்கு அனுப்பப்பட்டு இறந்திருப்பார் என்று ஜோன் முடிவுகட்டிவிட்டார். பூ வைத்துவிட்டுத் திரும்புவதுதான் திட்டம்.

மதுரையில் காலை ஆறு மணி பஸ். வத்தலக்குண்டில் இட்லி. காட் ரோடு என்கிற மலைப்பாதை தொடங்கியதும் ஜோனுக்குத் தலைசுற்றல் (போகிறவர்கள் முன்சீட்டைப் பிடியுங்கள்). "கொடைக்கானல் போகாதீங்க டீச்சர், இங்கனயே இறங்கிக்கங்க. கல்லறைத் தோட்டம் நடக்குற தூரந்தான்" என்று பத்து மணிக்கு டிரைவர் எங்களை இறக்கிவிட்டார்.

புதர் மண்டிக் கிடக்கும் என்று நினைத்துப் போனோம். தாமஸ் கீன் என்று பெயர் மட்டும் பொறித்த கல்லுக்கு வெள்ளையடித்து, சுற்றிப் புல் வெட்டி, புதிதாகச் செவ்வந்தி வைத்திருந்தது. நாங்கள் திகைத்து நிற்கும்போதே எதிரே பழக்கடை வைத்திருந்த ஓர் அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"யாருங்க நீங்க? எங்க தொம்மைத் தாத்தாகிட்ட நிக்கிறீங்களே?"

அவர் பெயர் பிலோமினா. தொம்மை என்று அவர் சொன்ன தாமஸ் கீன் அவருடைய அப்பாவுக்குத் தாத்தாவாம். வீட்டுக்கு அழைத்துப்போய்க் காப்பி கொடுத்தார். "பூம்பாறைப் பக்கம் பூண்டு போட்டாங்க. எங்க பாட்டியக் கட்டி ஆறு புள்ளைங்க. எண்பது வயசு வரைக்கும் இருந்தாங்களாம்."

நான் இதை மொழிபெயர்த்ததும் ஜோன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "அது வேறு தாமஸாக இருக்கும்" என்றார்.

பிலோமினா தன் போக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். "ரொம்பப் பக்திங்க. இடது கையில நங்கூரம் போட்டு, எம்.ஆர்.னு பச்சை குத்தியிருந்தாங்களாம். மரிய ராணின்னு அர்த்தம். எங்க வீட்ல மூத்த பொண்ணுக்கெல்லாம் அதனாலதான் ராணின்னு பேரு."

அந்த இரண்டு எழுத்தும் ஜோனுக்குத் தமிழிலேயே புரிந்துவிட்டன. விடுதலைச் சீட்டை எடுத்து விரித்தார். அங்க அடையாளங்கள்: இடது முன்கையில் நங்கூரம், எம்.ஆர். "மார்கரெட் ரைலி. கல்யாணத்துக்கு முன் அவள் பெயர்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவரிடம் சொல்ல வேண்டாம்" என்றார் என்னிடம்.

"அழுவுறாங்களே... என்னங்க டீச்சர்? எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லுங்க."

ஜோன் என்னைப் பார்த்துச் சரி என்று தலையசைத்தார். கன்றுக்குட்டியில் தொடங்கி மார்கரெட் வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

பிலோமினா காப்பித் தம்ளர்களை எடுத்து ஒதுக்கி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கன்னுக்குட்டி திருடுனது பசிக்கு. செயிலுக்குப் போனாங்க, போகட்டும். நாலு புள்ளைங்கள விட்டுட்டு வந்து, அந்தம்மா பேரையே கையில வச்சுக்கிட்டு, எங்க பாட்டிகிட்ட மாதா பேருன்னா சொன்னாங்க? அந்தம்மா என்ன ஆனாங்க?"

"துணி துவைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். கடைசிவரை விதவை உடை உடுத்தவில்லை. வந்துவிடுவார் என்று இருந்தார்."

நான் அதைத் தமிழில் சொன்னபோது பிலோமினா இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அவர்கள் கட்டிக்கொள்ளவில்லை, உறவு கொண்டாடவும் இல்லை. மாலை நான்கு மணி பஸ்ஸில், கொண்டுவந்த பூ ஜோனின் மடியிலேயே இருந்தது.

இப்படி யாரையாவது தேடிப் போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், மே மாதத்திலும் மாலையில் குளிரும். காகித நகல்களை நனையாமல் வையுங்கள். போன இடத்தில் அதே பெயரைச் சொல்லிச் செபிக்கிற ஒரு வீடு இருக்கக்கூடும் என்பதை மறக்காதீர்கள். நாங்கள் அதை யோசிக்கவே இல்லை.

டிசம்பரில் மறுபடி போனேன். பிலோமினா ஆரஞ்சு நிறுத்துக்கொண்டிருந்தார். "கல்லறைத் திருநாளுக்குப் பூசை வச்சேங்க டீச்சர், மார்கரெட் அம்மாளுக்கு. அந்த வெள்ளக்கார அக்காவுக்கு எழுதிப் போடுங்க."

"தாத்தாவுக்கு?"

"அடுத்த வருசம் பாப்போம்" என்று சொல்லிவிட்டுத் தராசைப் பார்த்தார்.