ரொட்டி வண்டியில் ஒரு குடித்தனம்

எங்கள் தெருவில் யாரும் ஊர் சுற்றப் போனதில்லை. ஊருக்குப் போவார்கள், அது வேறு. கப்பல் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கி, கல்யாணமோ கருமாதியோ முடித்துக்கொண்டு, இளைத்துக் கறுத்துத் திரும்பி வருவார்கள். சும்மா, ஒரு வேலையும் இல்லாமல், புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் ஒரு வண்டியில் ஏறி, அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, நாலு இடம் பார்த்துவிட்டு வருவதென்றால்? பைத்தியம் பிடித்துவிட்டது என்பார்கள். எங்களை அப்படித்தான் சொன்னார்கள்.

ஐம்பதுகளின் கடைசி அது. ஃபேரர் பார்க் திடலுக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தோம். மாமியார், கொழுந்தனார், அவர் பெண்டாட்டி, பிள்ளைகள், நாங்கள். எங்கள் அறைக்கும் மாமியார் படுக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டி, அவ்வளவுதான். இந்தப் பக்கம் கொட்டாவி விட்டால் அந்தப் பக்கம் "தூக்கம் வருதா?" என்று கேட்பார்கள். கல்யாணமாகி எட்டு வருஷம், நானும் அவரும் ஒரு விஷயத்தை வாய்விட்டுப் பேசினதில்லை. எனக்கோ வாய் நீளம். அதைக் கட்டி வைத்திருந்த பாடு எனக்குத்தான் தெரியும்.

எட்டு வருஷமாகப் பிள்ளையில்லை. மாமியார் ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்துவிட்டார். ஒளிவு மறைவெல்லாம் கிடையாது, நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போதே என் எதிரில்தான் பேச்சு. அப்போது இங்கே இரண்டாம் தாரம் கட்டச் சட்டத் தடையில்லை, தெருவிலேயே அப்படி இரண்டு குடும்பம் இருந்தது. "இவளைத் தள்ளி வைக்கச் சொல்லலையே. இவளும் இருந்துட்டுப் போகட்டும்" என்றார். பெரிய மனசு! என் புருஷன் எப்போதும்போலக் குனிந்த தலையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "லீவு எடுத்திருக்கேன் ஆத்தா. வெளியே போயிட்டு வந்து முடிவைச் சொல்றேன்" என்றார்.

மாமியாருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின மாசம்தான், கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தேன். டாக்டரம்மா நன்றாகப் பார்த்துவிட்டு, எனக்குக் குழந்தை தங்காது என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினார். என் புருஷன் முடிவு சொல்வதற்கு முன்னால் இதை அவரிடம் சொல்லியாக வேண்டும். மறைத்து வாழ எனக்கு மனசில்லை. ஆனால் அந்தப் பலகைத் தட்டிக்குப் பக்கத்தில் எப்படிச் சொல்வது? வண்டியில் போகலாம் என்று அவர் சொன்னதும் நான் தலையாட்டியது ஊர் பார்க்கிற ஆசையில் இல்லை.

அவருக்கு ரொட்டி வண்டி ஓட்டுகிற வேலை. சாங்கி பக்கம் ரொட்டி போடப் போகும்போது, ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கடற்கரையில் வீடு மாதிரி ஒரு வண்டியை நிறுத்தி அதற்குள்ளேயே குடியிருந்ததைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து அதே நினைப்பு. அவருடைய சீன முதலாளி நல்ல மனுஷர். கழித்துப் போடவிருந்த பழைய வண்டியை, "எடுத்துட்டுப் போ லா, திரும்பக் கொண்டு வந்தா சரி" என்று தன் வழக்கமான "லா"வோடு கொடுத்துவிட்டார். அந்தப் புண்ணியவானை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். ரொட்டித் தட்டு அடுக்குகிற சட்டங்களுக்கு மேல் பலகை போட்டு இவர் கட்டில் செய்தார். என் பழைய சேலை இரண்டைக் கிழித்துத் திரை தைத்தேன். மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீருக்கு ஒரு டின், புளிச்சோறு, ஒரு டப்பா அதிரசம். ஒரு சின்னப் பெட்டியில் என் துணிமணி எல்லாவற்றையுமே எடுத்து வைத்துக்கொண்டேன். போகிற வழியில், மலாயாவில் கிள்ளானில் என் அண்ணன் இருந்தார். பேச்சு ஏடாகூடமாகப் போனால் அங்கேயே இறங்கிவிடலாம் என்றுதான்.

ஜொகூர் பாலத்தைத் தாண்டி, மலாயா முழுக்கச் சுற்றி வருவதாக ஏற்பாடு. கிளம்புகிற அன்று மாமியார் வாசலில் வந்து நின்றார். "புதன்கிழமையும் அதுவுமா வடக்கே போறீங்களே, சூலமில்லையா? பாலைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றார். வடக்கே சூலம் என்றால் பால்தான் பரிகாரம். பால் வாங்கப் போன கொழுந்தனார் பெண்டாட்டி டின் பாலோடு வந்தாள். டின் பால் பரிகாரத்துக்கு ஆகுமா ஆகாதா என்று மாமியாரும் எதிர்வீட்டு அம்மாவும் வழக்காட ஆரம்பித்துவிட்டார்கள். இவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "சூலம் வடக்கேதானே? நாங்க கிழக்கே போறோம்" என்று சொல்லிவிட்டு, சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டார். மலாயாவுக்கு வடக்கே போக வேண்டியவர்கள் சூலத்துக்குப் பயந்து கிழக்கே சாங்கிக்குப் போனோம். எங்களைத் தவிர வேறு யார் செய்வார்கள் இந்தக் கூத்தை?

சாங்கியில் தென்னை மரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். கடல் அவ்வளவு பக்கத்தில். அடுப்பைப் பற்ற வைத்து, தேத்தண்ணி போட்டு, சரி சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன். "ரொட்டி! ரொட்டி!" என்று ஒரு கூட்டம் ஓடி வந்தது. வண்டியில் பெரிய ரொட்டிப் படம் இருக்கிறதே, அதை அழிக்க யாருக்கும் தோன்றவில்லை. ரொட்டி இல்லை என்று இவர் மலாயில் சொல்லச் சொல்ல, பிள்ளைகளுக்கு முகம் வாடிவிட்டது. மனசு கேட்குமா? அதிரச டப்பாவைத் திறந்தேன். டப்பா காலி. கூட்டம் கலைகிற நேரத்தில் ராணுவச் சமையற்கட்டில் வேலை பார்க்கிற ஒரு தமிழர், இவருக்குப் பழக்கமானவர், சைக்கிளில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. நல்ல மனுஷர்தான், பொரித்த மீன் கொண்டு வந்திருந்தார். ஆனால் என் வயிற்றெரிச்சல் எனக்கு.

மறுநாள் வியாழன், வடக்கே போகத் தடையில்லை. செம்பவாங் பக்கம் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. கடற்படைத் தளத்துக் குடியிருப்புக்கு வெளியே ஒதுங்கினோம். வண்டிக்குள் நாங்கள் இரண்டு பேர், வெளியே மழைச் சத்தம், இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. "ஏங்க, ஒண்ணு சொல்லணும்" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். அதற்குள் கதவைத் தட்டுகிற சத்தம். குடையோடு ஓர் அம்மா, கழுத்தில் சிலுவை. அவர் புருஷனுக்கு அங்கே கப்பல் பட்டறையில் வேலையாம்.

"நம்ம ஆளுங்களா இருந்துக்கிட்டு மழையில வண்டிக்குள்ள உட்கார்ந்திருக்கீங்களே, எங்களுக்கு அசிங்கமில்ல? இறங்குங்க, இறங்குங்க!"

இல்லை, நாங்கள் வண்டியிலேயே தங்கத்தான் வந்தோம் என்றால் யார் நம்புவார்கள்? வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார் போல. எனக்கு ஒரு தனிப் பார்வை, இவருக்கு ஒரு முறைப்பு! அவர் வீட்டில் மீன் குழம்பு, சுடுசோறு. அடுப்படியில் நின்றபடி, உட்கார்ந்திருந்த என் மடியில் கைக்குழந்தையைப் போட்டுவிட்டு, "உங்களுக்கு எத்தனை?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையைத் திரும்ப வாங்கவும் இல்லை, அது தூங்கும் வரை என் மடியிலேயே விட்டுவைத்தார். எத்தனையோ பேர் நல்ல காரியத்தில் என் கையில் குழந்தையைக் கொடுக்கத் தயங்கியிருக்கிறார்கள். சாப்பிடும் முன் ஜெபம் சொன்னபோது, "எங்க வீட்டுக்கு வந்திருக்கிற இந்த ரெண்டு பேரையும் ஆசீர்வதியும்" என்றும் சேர்த்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் ஆண்கள் கூடத்தில், பெண்கள் உள்ளே என்று பாய் போட்டார்கள். பலகைத் தட்டியே பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை உட்லண்ட்ஸ் போய்ச் சேர்ந்தோம். ஜொகூர் பாலம் கண்ணுக்கு எதிரே. அங்கே வந்ததும் வண்டி முன்னால் புகை. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, சூடு ஆறட்டும் என்று தண்ணீர்க் கரையில் உட்கார்ந்தோம். சாயங்கால நேரம். எதிரே ஜொகூர், நடுவில் தண்ணீர், ஒரு ஈ காக்கை இல்லை. இனியும் விட்டால் என்னைப்போல முட்டாள் கிடையாது என்று படபடவென்று ஆரம்பித்தேன்.

"நான் டாக்டர்கிட்ட காட்டிட்டேன். குறை என்கிட்டதான். மருந்து மாயம் ஒண்ணும் கிடையாதாம். அத்தை ஊர்ல பார்த்து வச்ச பொண்ணை நீங்க கட்டிக்கணும்னா தாராளமா கட்டிக்கோங்க. ஆனா பிள்ளை பெத்துப்போட அவளும் துணி துவைச்சுப்போட நானும்னு ரெண்டு பேரை வச்சுக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். பெட்டியோடதான் வந்திருக்கேன்."

 அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனியாவா போனே ஆஸ்பத்திரிக்கு?"

"பின்னே, மேளதாளத்தோடவா போவாங்க?"

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமில்ல" என்றார். பிறகு, "இது வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"உங்களுக்கும் எனக்கும் டாக்டரம்மாவுக்கும்."

"அப்படியே இருக்கட்டும்."

எழுந்து போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரம்! எட்டு வருஷம் கட்டிவைத்ததைக் கொட்டினால் பதில் இவ்வளவுதானா? இப்படி ஒருத்தியைக் கட்டினோமே என்று அவமானப்படுகிறார், அதனால்தான் மறைக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் என்னவோ டின்னில் கொண்டுவந்த தண்ணீரை ரேடியேட்டருக்கு ஊற்றினார், பிறகு அடுப்பைப் பற்ற வைத்தார். தேத்தண்ணி போட்டு என் கையில் கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தார், பாயசம்தான். கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்குப் போட்டுக் கொடுத்த முதல் தேத்தண்ணி. கோபத்தோடேயே குடித்தேன்.

காலையில் வண்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது மலை ஏறாது. வீட்டுக்குப் போயிடுவோம்" என்றார். பாலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புக்கிட் தீமா வழியாகத் திரும்பினோம். வழியெல்லாம் நான் பேசவில்லை. வண்டியால் கிள்ளான் போக முடியாவிட்டால் என்ன, ரயில் இருக்கிறது. அவர் வாயால் முடிவைக் கேட்டுவிட்டு மறுநாளே ஏறிவிடுவது என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டேன். அவர் மட்டும் பாதையில் ஒரு ரம்புத்தான் பழக்கடையைப் பார்த்து நிறுத்தி, ஒரு கொத்து வாங்கி என் மடியில் வைத்தார்.

மாடி ஏறியதும் மாமியார், "என்னடா, நாலு நாள்ல வந்துட்டீங்க? நான்தான் அன்னைக்கே சொன்னேனே, பால் குடிக்காமப் போகாதீங்கன்னு" என்றார். கொழுந்தனாரும் அவர் பெண்டாட்டியும் வந்து நின்றார்கள். நான் பெட்டியைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"ஆத்தா, ஊர்ல அந்தப் பொண்ணு வீட்டுக்கு வேணாம்னு சொல்லிடு" என்றார். "நான் டாக்டர்கிட்ட காட்டினேன். குறை எனக்குத்தான். எத்தனை பேரைக் கட்டினாலும் பிறக்காது."

 இந்த வீட்டில் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. பொழுது விடிவதற்குள் தேக்கா பசார் மீன்கடை வரை போய்விடும். காப்பிக் கடையில் நாலு பேர் கூடுகிற இடத்தில் ஓர் ஆம்பிளையை இதற்கு எப்படியெல்லாம் கேலி பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னார். நான் வாயைத் திறக்கப் போனேன். என்னை ஒரே ஒரு பார்வை பார்த்தார், பேசாதே என்று.

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தலையில் அடித்துக்கொள்வார், என் ராசியைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். பார்த்தவர் பதறி எழுந்து வந்து, பெட்டியைப் பிடுங்கிப் பின்னால் வைத்துவிட்டு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எட்டு வருஷத்தில் அவர் என் கையைத் தொட்டது அன்றைக்குத்தான்.

"என் மகனை விட்டுட்டுப் போயிடாதடி, ஆத்தா! உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். அவன் பாவம்டி. போயிடாதே!"

அவருக்குப் பின்னால் என் புருஷன் நின்றுகொண்டிருந்தார். அழுகையில் எனக்கு அவர் முகம் சரியாகத் தெரியவில்லை.

"இவரை விட்டுட்டு நான் எங்கே போவேன், அத்தை?" என்றேன்.