அக்காவின் வீடியோ கேம் பெட்டி

தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் சந்து முனையில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. தகரக் கதவு, உள்ளே நான்கு பெட்டிகள், ஒரு ரூபாய்க்கு ஓர் ஆட்டம். ஆட்டம் என்றால் சண்டை: எதிரே வருகிறவர்களை ஒவ்வொருவனாகக் குத்தி வீழ்த்தி, கடைசியில் வருகிற தடியனையும் வீழ்த்தினால் ஜெயம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் பகல் முழுக்க அங்கேதான் கிடந்தேன். காசு இல்லாத நாட்களில் எப்படி ஆடினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். சாப்பிடக் கூப்பிட அக்கா வருவாள். பெண்பிள்ளைகள் உள்ளே வரமாட்டார்கள். யாரும் சட்டம் போடவில்லை, வரமாட்டார்கள், அவ்வளவுதான். வாசலில் நின்று "வால, சாப்பிட" என்பாள். "ஒரு நிமிசம்க்கா" என்பேன். அந்த ஒரு நிமிஷம் அரை மணி நேரமாகும். அவ்வளவு நேரமும் அவள் என் தோளுக்கு மேலாகத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது முப்பது வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

நடுவில் நான் ஊர் ஊராகப் போனேன். சூரத்தில் டிவி ரிப்பேர் கடையில் எடுபிடி, புனேயில் ஓட்டல் பாத்திரம், பிறகு மொட்டைமாடிகளில் கேபிள் இழுக்கிற வேலை. எங்கேயும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. போன மழைக்காலத்தில் ஏணியிலிருந்து விழுந்து கால் உடைந்தது. தாராவியில் அக்கா வீட்டு மேல்தட்டில் பாய் போட்டுப் படுத்தேன். கீழே பத்துக்குப் பன்னிரண்டில் ஒரே அறை, அதில்தான் அடுப்பும் அலமாரியும் எல்லாம். அத்தானுக்குத் தோல் பை தைக்கிற வேலை.

ஒருநாள் அக்கா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எவனோ ஒருவன் வீட்டிலேயே வீடியோ கேம் பெட்டி செய்துகொண்டிருந்தான்.

"இத ஒன்னால செய்ய முடியுமால?"

"எதுக்குக்கா?"

"நான் ஆடணும். அந்தக் கடைசித் தடியன ஒருக்காவது நான் அடிக்கணும். நீ அவன்கிட்ட செத்துச் செத்து விழுந்ததப் பூரா வாசல்ல நின்னு பாத்தவ நான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஜெபக்கூட்டத்துப் பெண்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்: கிறிஸ்மஸ் அன்று மத்தியானம் வாருங்கள், கேக் உண்டு, நான் வீடியோ கேம் ஆடி ஜெயிக்கப் போகிறேன். "அம்பது தாண்டியாச்சு, எதுத்தாப்ல நிக்கவன் கண்ணுக்குத் தெரிவானாக்கா?" என்று ஒருத்தி கேட்டாளாம். அதன்பிறகு பின்வாங்க வழியில்லை, அவளுக்கும் எனக்கும்.

கால் ஓரளவு தேறியதும், கம்ப்யூட்டர் சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற லாமிங்டன் ரோட்டுக்குப் போனேன். முதல் கடைக்காரர் என்ன ஆட்டம் என்றுகூடக் கேட்கவில்லை. பெரிய கிராபிக்ஸ் கார்டு, கலர் கலராக எரியும் ஃபேன் என்று அடுக்கினார். ஆடப்போவது முப்பது வருஷத்துக்கு முந்தைய ஆட்டம் என்றேன். கார்டை மெதுவாக டப்பாவுக்குள் திரும்ப வைத்தார். அடுத்த கடையில் ஏதோ கம்பெனி கழித்துப் போட்ட டெஸ்க்டாப்புகளைச் செங்கல் மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். மலிவு, நல்ல பலம். ஆனால் ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தேன். ஃபேன் இரைந்தது, பின்பக்கம் அனல் அடித்தது. அக்கா வீட்டில் ஏற்கெனவே ஒரு அடுப்பு இருக்கிறது.

கடைசியில் வாங்கியது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு போர்டு. பழைய பெட்டியின் மூளையைப் போலவே நடந்துகொள்கிற மென்பொருளை அதில் ஏற்றிவிட்டால் போதும், அந்தக் காலத்து ஆட்டத்துக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஃபேன் கிடையாது, சத்தம் கிடையாது. பழைய டிவிக்கு நேரே ஒயர் கொடுக்க ஓரத்தில் ஒரு துளையும் இருந்தது. டிவி கடையில் வேலை பார்த்தவன் என்பதால் அதைக் கவனித்தேன். தேவைப்படும் என்று நினைக்கவில்லை.

முதலில் பக்கத்து வீட்டுத் தட்டை டிவியை இரவல் வாங்கி மாட்டினேன். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. அக்கா நான்கு குத்து விட்டுவிட்டு நிறுத்தினாள்.

"என்னக்கா?"

"நான் அமுக்குறதுக்கும் இவன் குத்துறதுக்கும் நடுவுல ஒரு தும்மல் போட்டுரலாம் போலுக்கே."

அவள் சொன்னது சரி. புது டிவி வருகிற படத்தை எல்லாம் முதலில் மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும். அந்த இடைவெளி சீரியல் பார்ப்பவர்களுக்குத் தெரியாது, குத்து வாங்குபவர்களுக்குத் தெரியும். அத்தானும் நானும் பழைய சாமான் கொட்டகைகளில் தேடி ஒரு இருபத்தோரு இஞ்ச் பிக்சர் டியூப் டிவியைப் பிடித்தோம். ஒரு ஆள் மட்டும் போகிற சந்துகளில் அதை இரண்டு பேர் தூக்கி வந்தோம்.

"மாப்ள, இதுக்குள்ள டிவிதான இருக்கு? எவனும் உள்ள உக்காந்திருக்கலயே?" என்றார் அத்தான்.

துளையில் ஒயரைச் செருகினேன். பட்டனை அமுக்கியதும் குத்து விழுந்தது. "இதாம்ல" என்றாள் அக்கா.

பேக்கிங் பெட்டிப் பலகையில் கூடு அடித்தோம். பட்டன்கள் பதிக்கிற பலகைக்கு அத்தான் பை தைத்த மிச்சத் தோலை ஒட்டி, ஓரம் மடித்துத் தையல் போட்டார். ஜாய்ஸ்டிக் தலையில் சிவப்பு உருண்டைதான் வேண்டும், கொஞ்சம் லொடலொட என்றும் இருக்க வேண்டும், கடையில் அப்படித்தான் இருந்தது என்றாள் அக்கா. இவ்வளவு பார்த்தவன் ஒரு இடத்தில் மட்டும் அலட்சியமாக இருந்தேன். எந்தப் பட்டன் அமுங்கியது என்று போர்டுக்குச் சொல்ல நடுவில் ஒரு சின்ன சர்க்யூட் வேண்டும். இருப்பதிலேயே மட்டமானதை வாங்கினேன். ஒயருக்கு, கேபிள் வேலையில் மிஞ்சிய டெலிபோன் ஒயரைச் சுருள் சுருளாக விட்டு மாட்டினேன்.

பெட்டி ஓடியது. ஆனால் திடீர் திடீரென்று ஜாய்ஸ்டிக் செத்துவிடும். திரையில் அக்காவின் ஆள் மரம் மாதிரி நிற்பான், எதிராளி அடித்துப் போட்டுவிடுவான். போர்டுக்குக் கரண்ட் கொடுக்கிற சார்ஜரை மாற்றினேன். மெமரி கார்டை மாற்றினேன். போர்டுக்குச் சூடு தாங்கவில்லையோ என்று பலகையில் ஓட்டை போட்டேன். அக்கா தினமும் ஆடிப் பழகிக் கடைசித் தடியன்வரை போய்விட்டாள். அவனை மட்டும் அடிக்கவில்லை. "கிறிஸ்மஸ்ல மட்டும் நின்னுச்சு, ஒன்னையும் பெட்டியையும் சேத்து பழைய சாமானுக்குப் போட்டுருவேன்" என்றாள்.

கிறிஸ்மஸ் மத்தியானம் பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். அறையில் ஏழு பேர், மிச்சப் பேர் வாசலில். அக்கா புதுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். முதலில் கேலி செய்தார்கள். நான்காவது ஆள் விழுந்ததும் "கீழ குனி, கீழ குனி" என்று கத்த ஆரம்பித்தார்கள். கடைசித் தடியன் வந்தான். அவனுக்குப் பாதி உயிர் போயிருந்தது. அந்த நேரம் பார்த்து அத்தான் விருந்தாளிகளுக்கு டீ போடலாம் என்று அடுப்பில் லைட்டரைத் தட்டினார். டிக், டிக், டிக்.

பெட்டிக்குள்ளிருந்து டிங், டிங் என்று காசு விழுகிற சத்தம் வந்தது. காசுக்குப் பதிலாக நான் வைத்திருந்த பட்டனை யாரும் தொடவில்லை. அக்காவின் ஆள் மரமாக நின்றான், அடி வாங்கி விழுந்தான். "ஐயோ" என்று வாசல்வரை சத்தம்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடையில் காசு இல்லாத நாட்களில் நான் செய்தது அதைத்தான். காசு போடுகிற ஓட்டைக்குப் பக்கத்தில் கேஸ் லைட்டரை வைத்துத் தட்டினால், அந்தப் பொறியில் குழம்பிப்போய், காசு விழுந்ததாகப் பெட்டி நினைத்துக்கொள்ளும். அடுப்புக்கு மூன்றடியில் பெட்டியை வைத்து, அந்த மட்டமான சர்க்யூட் பொறியை இழுத்துக்கொண்டு மயங்கிப்போக ஒயரையும் நீளமாக விட்டு, மாதக்கணக்கில் சார்ஜரைத் திட்டியிருக்கிறேன். எல்லோருக்கும் முன்னால் இதைச் சொல்லியும் விட்டேன்.

அக்கா திரும்பினாள்.

"லைட்டரா? எந்த லைட்டருல?"

நான் ஒயரைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். பிரயோஜனமில்லை.

"நம்ம வீட்டுக்கு கேஸ் வந்த புதுசுல தொலஞ்சுதே, அதா? அதுக்கு அம்மா என்னைய வெளக்குமாத்தால அடிச்சாளே, அதா?"

"ஆமாக்கா."

தலையில் ஓங்கி ஒரு குட்டு விழுந்தது. பெண்கள் சிரித்த சிரிப்பில் பலகைச் சுவர் அதிர்ந்தது. "இன்னொண்ணு குடுங்கக்கா, வட்டியோட" என்றாள் கண் தெரியுமா என்று கேட்டவள். அக்கா அத்தான் கையிலிருந்த லைட்டரைப் பிடுங்கி இடுப்பில் செருகினாள்.

"டீ?" என்றார் அத்தான்.

"கடையில போய் பன்னெண்டு கட்டிங் டீ வாங்கிட்டு வாங்க. நான் முடிக்கிறவரைக்கும் இந்த வீட்ல அடுப்பு எரியாது."

நான் சர்க்யூட்டைக் கழற்றி மறுபடி செருகினேன். ஜாய்ஸ்டிக்குக்கு உயிர் வந்தது. அக்கா முதல் ஆளிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். அத்தான் டீத்தட்டோடு திரும்பி வந்தபோது வாசலில் நுழைய இடமில்லை. உள்ளே போட்ட கூச்சலில், என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று அவர் கேட்டது யாருக்கும் கேட்கவில்லை. தடியன் மல்லாந்து கிடந்தான். அக்கா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள், இடுப்பில் லைட்டரோடு.

பிறகு சிவப்பு உருண்டையைச் சேலைத் தலைப்பால் துடைத்து, கண் தெரியுமா என்று கேட்டவளைக் கூப்பிட்டாள்.

"வாட்டி. இப்ப நீ நில்லு."